நத்தை ஓட்டின் வரிகளும் காரணம் தேடும் மனமும்

இயற்கையில் காணும் ஒழுங்கைக் கொண்டு அதை வகுத்த ஒரு பேரறிவை நிறுவ முயன்ற சமய நூல்கள் பெரும்பாலும் கண், சிறகு, தேன்கூடு போன்ற வியப்பூட்டும் அமைப்புகளையே சான்றாக எடுத்துக்கொண்டன. 1802-இல் வில்லியம் பேலி வெளியிட்ட 'இயற்கை இறையியல்' அவ்வகை நூல்களுள் மிகவும் புகழ்பெற்றது. கண் பார்ப்பதற்காக அமைந்தது என்பதில் இறைநம்பிக்கையாளருக்கும் பரிணாமவியலாருக்கும் பெரிய பிணக்கு இல்லை. அந்தப் பயன் எவ்வழியே கைகூடியது என்பதில்தான் அவர்கள் பிரிகிறார்கள். பயன் வெளிப்படையாகத் தெரியும் இடத்தில் காரணம் கேட்பது எளிது. அற்பமாகத் தோன்றும் வேறுபாடுகளிடம் வரும்போதுதான் அக்கேள்வி கடினமாகிறது. இரண்டு உயிர்கள் எல்லா வகையிலும் ஒத்திருந்து, ஒன்றின் ஓடு மஞ்சளாகவும் மற்றதன் ஓடு இளஞ்சிவப்பாகவும் இருக்குமானால், அந்த வேறுபாட்டுக்கும் ஒரு காரணம் இருந்தே தீர வேண்டுமா, அல்லது 'அப்படி அமைந்துவிட்டது' என்று சொல்லி நிறுத்திக்கொள்வது அறிவுக்குப் பொருந்துமா என்பது மெய்யியலின் பழைய வினாக்களுள் ஒன்று. அவ்வினாவை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் தொடர்ந்து சுமந்துவந்த உயிர் நில நத்தை.

மேற்கு ஐரோப்பாவின் வேலிப் புதர்களிலும் புல்வெளிகளிலும் காடுகளிலும் மணல்மேடுகளிலும் பரவலாக வாழும் செபேயா நெமோராலிஸ் என்னும் நத்தையின் ஓடு ஏறத்தாழ இரண்டு செண்டிமீட்டர் அகலமுடையது. அதன் அடிநிறம் மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ இருக்கலாம். அதன்மேல் கருவரிகள் ஓடலாம், ஓடாமலும் இருக்கலாம். ஓடினால் பெரும அளவு ஐந்து. ஆய்வாளர்கள் இவ்வரிகளை மேலிருந்து கீழாக ஒன்று முதல் ஐந்து வரை எண்ணி, இல்லாத வரிக்குச் சுழியம் இட்டு, ஒன்றோடொன்று கலந்து பட்டையாகிவிட்ட வரிகளை அடைப்புக்குறிக்குள் எழுதுவார்கள். எனவே 12345 என்பது ஐவரி ஓடு, 00300 என்பது நடுவரி மட்டும் உள்ள ஓடு, 00000 என்பது வரியற்ற ஓடு, (123)(45) என்பது ஐந்து வரிகள் இரு பட்டைகளாகத் திரண்ட ஓடு. ஒரே புதரில் ஒரே தண்டில் ஒட்டியிருக்கும் நத்தைகளைக் கையில் எடுத்துப் பார்த்தால் இவற்றுள் பலவும் ஒருங்கே கிடைக்கும். ஓர் இனத்துக்குள், ஓரிடத்தில், தெளிவாகப் பிரித்தறியக்கூடிய பல உருவங்கள் நிலையாகச் சேர்ந்து வாழும் இந்நிலையை உயிரியலார் பல்லுருத்தன்மை என்பர். நத்தையின் கண் நிறங்களைப் பிரித்தறிவதாகத் தெரியவில்லை. இணையைத் தேர்வதில் ஓட்டின் நிறத்துக்குப் பங்கு இருப்பதாகவும் தெரியவில்லை. ஆகவே இந்த வண்ணங்கள் நத்தைக்காக நத்தை தீட்டிக்கொண்டவை அல்ல.

நத்தை ஓட்டின் வேறுபாட்டைக் காரணம் பற்றிய வழக்காக முதலில் முன்வைத்தவர் ஒரு கிறிஸ்தவ ஊழியர். ஹவாய்த் தீவுகளில் ஊழியக் குடும்பம் ஒன்றில் 1832-இல் பிறந்து, பின்னர் சீனாவிலும் ஜப்பானிலும் பல பத்தாண்டுகள் சமயப் பணியாற்றிய ஜான் தாமஸ் கியூலிக், இளமையில் ஓவாஹு தீவின் மலைச் சரிவுகளில் அக்கட்டினெல்லா என்னும் மர நத்தைகளின் ஓடுகளைப் பெருந்தொகையாகச் சேகரித்தார். அத்தீவின் மலைத்தொடர் அடுத்தடுத்துப் பள்ளத்தாக்குகளாகப் பிளவுபட்டது. பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு நத்தைகளின் நிறமும் வரியும் வடிவும் மாறின. ஆனால் மழையும் மரங்களும் உண்ணும் பகைகளும் எங்கும் ஒன்றாகவே இருந்தன. இதிலிருந்து, சூழல் ஒன்றாக இருக்கும்போதும் உயிர்கள் வேறுபடுகின்றன, எனவே வேறுபாட்டுக்குச் சூழலின் தேவை காரணமாகாது, பிரிந்து வாழ்தலே போதும் என்று 1872-இல் 'நேச்சர்' இதழில் அவர் வாதிட்டார். கடவுளின் திட்டத்தைப் போதிப்பதையே வாழ்வாகக் கொண்ட ஒருவர், கடவுளின் படைப்பில் உள்ள இவ்வளவு அழகிய வேறுபாடுகளுக்குப் பயன் எதுவும் இல்லை என்று சொன்னது அக்காலத்தில் கவனிக்கத்தக்க நிலைப்பாடு.

இதை மறுத்தவர் இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினுடன் இணைந்து கண்ட ஆல்ஃபிரட் ரசல் வாலஸ். 1889-இல் வெளிவந்த 'டார்வினியம்' நூலில் அவர் கூறிய மறுப்பு எளிமையானது: மனிதக் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு பள்ளத்தாக்குகள் நத்தைக்கும் ஒன்றாகவே இருக்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்? ஈரப்பதத்திலோ மண்ணிலோ உணவிலோ நுண்ணிய வேறுபாடு இருக்கலாம். அது நத்தையின் வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கலாம். இம்மறுப்பில் வலுவும் உண்டு, ஆபத்தும் உண்டு. வலு என்னவெனில், கியூலிக்கின் வாதம் அறியாமையிலிருந்து எழுந்த வாதம் என்பதை இது காட்டிவிடுகிறது. காரணம் தென்படவில்லை என்பதிலிருந்து காரணம் இல்லை என்று முடிவுசெய்ய முடியாது. ஆபத்து என்னவெனில், காணப்படாத காரணம் ஒன்று எங்கோ இருக்கிறது என்னும் கூற்றை எந்தச் சான்றாலும் பொய்யாக்க முடியாது. துன்பத்தைக் கண்டு 'இறைவனின் நோக்கம் நமக்குத் தெரியவில்லை, ஆனால் இருக்கிறது' என்று கூறும் சமயவாதியின் விடையும் இதே கட்டமைப்பைக் கொண்டது. மனித மனத்தின் தோற்றத்துக்கு மட்டும் இயற்கைத் தேர்வு போதாது, மேலான ஓர் அறிவு வேண்டும் என்று அதே நூலில் எழுதியவர் வாலஸ் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நத்தையின் நிறத்திலும் காரணம் தேடிய அவரது பிடிவாதம் வெறும் அறிவியல் பிடிவாதமாகத் தோன்றவில்லை.

இருவருக்குமே நிறம் எவ்வாறு தாய்தந்தையரிடமிருந்து வந்து சேர்கிறது என்பது தெரியாது. அதைத் தெளிவுபடுத்தத் தொடங்கியவர் சூரிக் நகரில் பணியாற்றிய சுவிஸ் விலங்கியலார் அர்னால்டு லாங். மெண்டலின் விதிகள் மறுபடி கண்டெடுக்கப்பட்ட சில ஆண்டுகளுக்குள், 1904 முதல், ஐரோப்பிய நத்தைகளைக் கலப்பினம் செய்து, வரியின்மை வரியுடைமைக்கு மேல் ஓங்கி நிற்கிறது என்று அவர் காட்டினார். ஓங்கு பண்பு என்பது பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தாலும் வெளிப்படும் பண்பு. ஒடுங்கு பண்பு இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். பின்வந்த ஆய்வுகளில் நிறத்துக்கும் இத்தகைய படிவரிசை இருப்பது தெரிந்தது: பழுப்பு இளஞ்சிவப்பை விடவும், இளஞ்சிவப்பு மஞ்சளை விடவும் ஓங்கியது. நத்தைகள் ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக ஒருங்கே இருப்பவை. இருந்தாலும் செபேயா வேறொரு நத்தையுடன் கூடியே முட்டையிடுகிறது. இரு இளஞ்சிவப்பு நத்தைகள் ஒவ்வொன்றும் மஞ்சளுக்குரிய மரபணு வடிவத்தை மறைத்து வைத்திருந்தால், அவற்றின் குஞ்சுகளுள் சராசரியாக நான்கில் ஒரு பங்கு மஞ்சளாக இருக்கும்.

இங்குக் கவனிக்க வேண்டிய இன்னொரு சிக்கல் பிணைப்பு. நிறத்துக்குரிய மரபணுவும் வரி உண்டா இல்லையா என்பதற்குரிய மரபணுவும், வரிகள் புள்ளிகளாக உடைவது, பரவுவது, ஓட்டின் உதட்டு நிறம் முதலியவற்றைத் தீர்மானிக்கும் மரபணுக்களும் ஒரே குரோமோசோமில் மிக நெருங்கி அமைந்து, தலைமுறைக்குத் தலைமுறை ஒரு மூட்டையாகவே கடத்தப்படுகின்றன. இதனை மீமரபணு எனலாம். இம்மூட்டை அவ்வப்போது அவிழ்ந்து புதிய சேர்க்கைகள் தோன்றுவதாக நெடுங்காலம் கருதப்பட்டது. 2019-இல் ஆங்கஸ் டேவிசனும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு, அவ்வாறு தோன்றிய பல நிகழ்வுகள் உண்மையில் அவிழ்தல் அல்ல, மரபணு இருந்தும் பண்பு சரியாக வெளிப்படாமையும் ஒரு மரபணு மற்றொன்றின் வெளிப்பாட்டை மறைப்பதுமே காரணம் என்று காட்டியது. நடுவரியைத் தரும் மரபணுவோ இம்மூட்டைக்கு வெளியே, தனியே கடத்தப்படுகிறது. வரியே இல்லாத ஒரு நத்தை நடுவரிக்குரிய அறிவுறுத்தலைத் தன்னுள் சுமந்துகொண்டிருக்கலாம், அது எந்த ஓட்டிலும் எழுதப்படாமலேயே அந்நத்தையின் வாழ்நாள் முடிந்துபோகலாம். நிறங்கள் தனித்தனிப் பெட்டிகளாகவும் இல்லை. ஒளியளவியைக் கொண்டு அளந்தால் மஞ்சளிலிருந்து பழுப்பு வரை தொடர்ச்சியாக நீளும் நிறமாலையில் சில இடங்களில் ஓடுகள் திரளாகக் குவிகின்றன என்பதே உண்மை நிலை. மூன்று பெயர்களும் அத்திரள்களுக்கு மனிதர் இட்டவை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கியூலிக்கின் பக்கமே தட்டு சாய்ந்திருந்தது. சிறிய இனக்கூட்டத்தில் எந்த உருவம் பெருகும் எது அருகும் என்பது, யார் பிழைத்தார்கள் யார் குஞ்சு பொரித்தார்கள் என்னும் தற்செயலாலேயே மாறிச்செல்லக்கூடும் என்னும் மரபியல் நகர்வுக் கருத்து செல்வாக்குப் பெற்றிருந்தது. நத்தை ஓட்டின் வரிகள் அதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்பட்டன. எர்ன்ஸ்ட் மேயர் 1942-இல் அவ்வரிகளுக்குத் தேர்வு சார்ந்த பயன் இருக்க வாய்ப்பில்லை என்னும் நிலையில் இருந்தார். பிரான்சில் மாக்சிம் லமோத் நூற்றுக்கணக்கான நத்தைக் கூட்டங்களை ஆய்ந்து 1951-இல் வெளியிட்ட பெருநூலும் நகர்வுக்குக் கணிசமான இடமளித்தது. இந்தச் சூழலில்தான் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆர்தர் கெய்ன், ஃபிலிப் ஷெப்பர்ட் ஆகிய இருவரும் 1950-இலும் 1954-இலும் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். ஆக்ஸ்ஃபோர்டைச் சுற்றிலும் உள்ள பீச் மரக் காடுகளில், சருகு மூடிய பழுப்புத் தரையில், வரியற்ற இளஞ்சிவப்பும் பழுப்பும் மிகுந்திருந்தன. வேலிப் புதர்களிலும் புல்வெளிகளிலும் மஞ்சளும் வரியுடைமையும் மிகுந்திருந்தன. வெறும் ஓட்டில் பளிச்சென்று தெரியும் மஞ்சள், உயிருள்ள நத்தையின் உடல் உள்ளே இருக்கும்போது சற்றே பசுமை கலந்து தோன்றுவதால் புல்லில் கரைந்துவிடுகிறது.

இந்தப் பொருத்தத்தை உண்டாக்குவது யார் என்பதற்குச் சாட்சி காட்டில் கிடந்த கற்கள். பாடும் பூங்குருவி நத்தையைப் பிடித்தால் அங்கேயே தின்பதில்லை; ஓட்டின் வாயை அலகால் கவ்விக்கொண்டு, வழக்கமாகத் தான் பயன்படுத்தும் ஒரு கல்லுக்குப் பறந்து சென்று, தலையைச் சுழற்றி அதன்மேல் ஓங்கி அடித்து உடைத்து, உடலை உண்டுவிட்டு உடைந்த ஓட்டை அங்கேயே விட்டுச் செல்கிறது. ஆகவே ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் அப்பறவையின் உணவுக் கணக்கு சில்லுகளாகக் குவிந்து கிடக்கும். சில்லுகளிலும் நிறமும் வரியும் அழியாமல் இருப்பதால் அவற்றை எண்ணி, அதே காட்டில் உயிரோடு இருக்கும் நத்தைகளின் விகிதத்துடன் ஒப்பிட முடியும். ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள மார்லி வனத்தில் ஷெப்பர்ட் இவ்வாறு ஒரு வசந்தம் முழுவதும் எண்ணி 1951-இல் வெளியிட்ட கணக்கு குறிப்பிடத்தக்கது: ஏப்ரல் மாதத்தில் தரை இன்னும் சருகின் பழுப்பாக இருக்கும்போது மஞ்சள் ஓடுகள் கூடுதலாக உடைக்கப்பட்டன, மே மாதம் புல்லும் செடியும் தழைத்துத் தரை பசுமையானதும் கல்லடியில் மஞ்சளின் பங்கு குறைந்துகொண்டே வந்தது. ஒரே நிறம் சில வாரங்களுக்குள் கேடாக இருந்து காப்பாக மாறிவிட்டது. வாலஸ் அனுமானமாகச் சொன்ன காணப்படாத காரணம், இங்கே எண்ணத்தக்க பொருளாகக் கைக்கு வந்தது எனலாம்.

கெய்ன் அத்துடன் நிற்கவில்லை. ஒரு பண்பைப் பயனற்றது என்று சொல்வது அப்பண்பைப் பற்றிய கூற்றன்று, சொல்பவரின் அறியாமையைப் பற்றிய கூற்று என்று 1951-இல் எழுதினார். 1964-இல் 'விலங்குகளின் முழுமை' என்னும் கட்டுரையில், உயிரின் அமைப்பில் அற்பமாகத் தோன்றுபவையும் ஆராய்ந்தால் பொருத்தமுடையவையாகவே தெரியவரும் என்னும் நிலைக்குச் சென்றார். இங்கே மெய்யியல் நோக்கில் ஒரு விசித்திரமான இடமாற்றம் நிகழ்ந்திருப்பதைக் காணலாம். கடவுளை நம்பிய ஊழியர் உயிர்களின் வேறுபாட்டில் நோக்கமின்மையைக் கண்டார். கடவுளுக்கு இடம் தராத கொள்கையைக் கொண்டு ஆய்வு செய்தவர்கள், பேலி தேடிய அதே முழுமையைப் பேலியை விடவும் நுணுக்கமாகத் தேடினார்கள். பேலிக்கு வகுத்தவன் இருந்தான், கெய்னுக்குப் பூங்குருவி இருந்தது. எதுவும் வீணாக அமையவில்லை என்னும் நம்பிக்கை மட்டும் இருவருக்கும் பொது. இந்தப் பொதுமையை 1979-இல் ஸ்டீஃபன் ஜே கூல்டும் ரிச்சர்ட் லெவொன்டினும் கடுமையாகத் தாக்கினார்கள். உயிரின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பயன் கற்பிக்கும் பழக்கம் கதை கட்டுவதாக முடிந்துவிடும், சில பண்புகள் வேறு பண்புகளின் பக்க விளைவுகளாகவே இருக்கும் என்பது அவர்கள் வாதம். கூல்டும் நத்தை ஆய்வாளர்தான். பஹாமாத் தீவுகளின் செரியோன் நில நத்தைகளையே தம் களமாகக் கொண்டவர். இந்தச் சண்டையில் முன்னணியில் நின்ற பலரும் நத்தைக்காரர்களாக இருந்தது தற்செயல் என்று சொல்வதா, காரணத்தோடு நிகழ்ந்தது என்று சொல்வதா என்பதை வாசகரே தீர்மானித்துக்கொள்ளலாம்.

கெய்னின் வெற்றியும் முழுமையானதாக இல்லை. 1963-இல் அவரும் ஜே. டி. கரியும் மார்ல்பரோ மேட்டுநிலத்தில் ஆய்ந்தபோது, காடு, புல்வெளி என்னும் வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் பரந்த நிலப்பகுதி முழுவதும் ஒரே உருவமே ஆதிக்கம் செலுத்துவதையும், கண்ணுக்குத் தெரியும் எல்லை எதுவும் இல்லாத இடத்தில் அது திடீரென வேறோர் உருவத்துக்கு இடம் விடுவதையும் கண்டனர். பூங்குருவியால் இதை விளக்க முடியவில்லை. உள்ளூர்த் தட்பவெப்பம் என்றனர் அவ்விருவர். முன்னொரு காலத்தில் அங்கு வந்து குடியேறிய சில நத்தைகளின் வழித்தோன்றல்கள் என்றனர் வேறு சிலர். இதற்கிடையே பிரையன் கிளார்க் 1962-இல் இன்னொரு வழியைக் காட்டினார்: பறவை தனக்கு அடிக்கடி கிடைக்கும் உருவத்தைத் தேடிப் பழகிவிடுவதால் அரிய உருவங்கள் அதன் கண்ணுக்குத் தப்பும், அவை பெருகிப் பொதுவாகிவிட்டால் பறவையின் கவனம் அவற்றின்மேல் திரும்பும், இவ்வாறு எந்த உருவமும் முற்றிலும் வெல்லாமலும் முற்றிலும் அழியாமலும் பன்மை நிலைத்திருக்கும். கருநிற ஓடு வெயிலில் விரைவில் சூடேறும், மஞ்சள் ஓடு வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் என்பதால் தட்பவெப்பமும் தேர்வாளியாகிறது. 1977-இல் ஸ்டீவ் ஜோன்ஸும் உடன் எழுதிய இருவரும் இவற்றையெல்லாம் தொகுத்து எழுதிய மதிப்பீட்டுக் கட்டுரை, செபேயாவின் பல்லுருத்தன்மை அளவுக்கு மிஞ்சிய விடைகளைக் கொண்ட சிக்கலோ என்று தலைப்பிலேயே கேட்டது. ஒரு வினாவுக்கு விடை இல்லாமல் தவிப்பது மெய்யியலாருக்குப் பழக்கமான துன்பம். ஒவ்வொன்றும் ஓரிடத்தில் மெய்யாக இருக்கும் பல விடைகளை வைத்துக்கொண்டு, இந்த ஓட்டுக்கு எது பொருந்தும் என்று தெரியாமல் நிற்பது வேறு வகையானது. பொதுமக்களைக் கொண்டு 2009-இல் ஐரோப்பா முழுவதும் நடந்த கணக்கெடுப்பும் இதையே காட்டியது: புவி சூடேறுவதால் மஞ்சள் எங்கும் பெருகியிருக்கும் என்ற எதிர்பார்ப்பு மணல்மேடுகளில் மட்டும் மெய்ப்பட்டது, யாரும் முன்கூட்டிச் சொல்லாத நடுவரி உருவமோ பரவலாகக் கூடியிருந்தது.

காரணத்துக்கு எதிர்ச்சொல்லாகத் தற்செயலை வைக்கும் வழக்கமே இங்குக் குழப்பத்தை விளைக்கிறது என்று கருத இடமுண்டு. தற்செயல் என்பது காரணமில்லாமை அன்று, ஒன்றையொன்று நோக்காத இரு காரணத் தொடர்கள் ஓரிடத்தில் சந்திப்பது என்று அரிஸ்டாட்டில் விளக்கியிருக்கிறார். கடைத்தெருவுக்கு வேறு வேலையாகச் சென்றவன் தனக்குக் கடன் தரவேண்டியவனை அங்கே காண்பது அவர் தந்த எடுத்துக்காட்டு. அயர்லாந்து நத்தைகளின் உதடு இதற்கு ஏற்ற விளக்கமாகிறது. செபேயா நெமோராலிஸின் ஓட்டு வாயின் விளிம்பு, அதாவது உதடு, பொதுவாகக் கரும்பழுப்பு. அயர்லாந்தில் வெண்ணிற உதடு கொண்டவை மிகுதி. அந்த உருவம் மிகுந்திருக்கும் இன்னோர் இடம் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையிலான பைரனீஸ் மலைப்பகுதி. 2013-இல் வெளிவந்த மரபணு ஆய்வு அயர்லாந்து நத்தைகளின் வமிசம் அப்பகுதியோடு ஒட்டியிருப்பதைக் காட்டி, ஏறத்தாழ எட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து கடல்வழியே சென்ற இடைக்கற்கால மக்கள் அவற்றைக் கொண்டுசென்றிருக்கலாம் என்று கருதுகிறது. அம்மக்கள் நத்தைகளை உண்டவர்கள். அப்படியானால் அந்த வெள்ளை உதட்டுக்குக் காரணமும் உண்டு, நோக்கமும் உண்டு. ஆனால் அந்நோக்கம் பசித்த மனிதனுடையது, உதட்டின் நிறத்தைப் பற்றியதன்று.

உபநிடதங்களுள் ஒன்றாகிய சுவேதாசுவதரம் தொடக்கத்திலேயே உலகின் காரணம் எது என்று கேட்டு, காலம், இயல்பு, நியதி, தற்செயல், பூதங்கள், கருப்பை, புருடன் என்று பல விடைகளை அடுக்குகிறது. இயல்பே காரணம் என்றவர்கள் சுவபாவவாதிகள். மயிலின் வண்ணத்துக்கும் முள்ளின் கூர்மைக்கும் செய்தவன் வேண்டியதில்லை என்பது அவர்கள் கட்சி. தற்செயலை இயல்பிலிருந்தும் நியதியிலிருந்தும் பிரித்துத் தனிக் கட்சியாக வைத்த அந்தப் பட்டியல், அவற்றை ஒன்றாகக் குழைத்துவிடும் இக்காலப் பேச்சைவிட நுட்பமானது. இந்தியச் சமயங்களுள் சமணம் இக்கேள்வியை மிகவும் குறிப்பாகக் கையாண்டது. உடலின் அமைப்பைத் தீர்மானிக்கும் வினையை நாமகருமம் என்று பெயரிட்டு, அதன் உட்பிரிவுகளுள் உடலின் நிறத்துக்கென்றே ஒரு வினையையும் வகுத்தது. சங்கு, நத்தை போன்றவை தொடுவுணர்வும் சுவையுணர்வும் மட்டும் கொண்ட ஈரறிவு உயிர்கள் என்பது சமணரின் பகுப்பு. தொல்காப்பியரும் 'நந்து' என்னும் நத்தையை ஈரறிவுயிர்களுள்தான் வைக்கிறார். ஆக, ஒரு நத்தை ஏன் மஞ்சளாகப் பிறந்தது என்று சமண ஆசிரியரிடம் கேட்டால், அவ்வுயிர் முன்பு ஈட்டிய வினையின் பயன் என்று விடை வரும்.

இந்த விடையைப் பூங்குருவியின் கல்லடிக் கணக்கோடு ஒப்பிடும்போதுதான், இரண்டும் ஒரே கேள்விக்குச் சொல்லப்பட்டவை அல்ல என்பது புலப்படும். இந்தக் காட்டில் மஞ்சள் நத்தைகள் ஏன் குறைவு என்பது கூட்டத்தைப் பற்றிய கேள்வி. இயற்கைத் தேர்வு இதற்கு விடை சொல்கிறது. இந்த நத்தை ஏன் மஞ்சள் என்பது தனியுயிரைப் பற்றிய கேள்வி. அதற்குத் தேர்வு விடை சொல்வதில்லை என்று மெய்யியலார் எலியட் சோபர் 1984-இல் வாதிட்டார். மற்ற நத்தைகளைப் பூங்குருவி கொன்றதனால் இந்த நத்தை மஞ்சளாகிவிடவில்லை. தாய்தந்தை இருவரிடமிருந்தும் மஞ்சளுக்குரிய மரபணு வந்ததனால் மஞ்சளாயிற்று. ஒரே இணை இட்ட முட்டைகளுள் நான்கில் ஒன்று ஏன் இதுவாக இருந்தது, அடுத்ததாக இருக்கவில்லை என்று மேலும் கேட்டால், உயிரணுக்கள் பிரியும்போது குரோமோசோம்கள் எப்பக்கம் விழுந்தன என்பதைத் தவிர உயிரியலிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை. சமயங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் கேள்வியையே கேட்டிருக்கின்றன; எனக்கு ஏன் இந்த உடல், என் குழந்தைக்கு ஏன் இந்தக் குறை என்று கேட்பவனுக்குக் கூட்டத்தின் விகிதம் ஆறுதலாவதில்லை. வினைக்கொள்கையின் வலிமை தனியுயிரைக் கைவிடாமல் அதற்கென்று ஒரு விடை வைத்திருப்பது. அதன் வலுவின்மை, எந்த நிறம் வந்தாலும் அதே விடை பொருந்திவிடுவது. வாலஸின் காணப்படாத காரணத்துக்கு நேர்ந்த அதே இடர் இங்கும் உண்டு, ஆனால் வாலஸின் கருத்தைச் சோதிக்க ஒரு கல்லும் சில்லுகளும் கிடைத்தன.

கூட்டத்தின் அளவில் மட்டும் நோக்கத்தை வைத்து, தனியுயிரைத் தற்செயலுக்கு விட்டுவிடும் இறையியலும் சாத்தியமே. இறைவனின் பொதுவான பேணுதல் வேறு, தனித்த பேணுதல் வேறு என்று கிறிஸ்தவ இறையியலார் நெடுங்காலமாகப் பிரித்தே பேசிவந்திருக்கிறார்கள். கியூலிக் இவ்விரண்டையும் விட்டு மூன்றாவது ஒரு வழியில் சென்றார். 1905-இல் வாஷிங்டன் கார்னெகி நிறுவனம் வெளியிட்ட அவரது நூல், சூழல் உயிரை ஆட்டிவைப்பதாகக் கருதுவதை மறுத்து, ஒரே சூழலில் வாழும் உயிர்கள் வெவ்வேறு பழக்கங்களை மேற்கொள்வதால் தம்மேல் செயல்படும் தேர்வையே மாற்றிக்கொள்கின்றன என்று வாதிடுகிறது. மனிதனின் விருப்பச் சுதந்திரத்தை நம்பிய ஊழியருக்கு, உயிர் முழுவதையும் சூழலின் கைப்பாவையாக்கும் கொள்கை உவப்பாக இருந்திருக்காது என்று ஊகிக்கலாம். இக்கருத்து வெறும் சமயச் சார்பு என்று தள்ளிவிடக்கூடியதும் அன்று. வெயில்பட்டால் மங்கும் சாயத்தால் நத்தை ஓடுகளில் புள்ளியிட்டு, அச்சாயம் எவ்வளவு மங்கியது என்பதைக் கொண்டு ஒவ்வொன்றும் வெயிலில் எவ்வளவு நேரம் இருந்தது என்று ஸ்டீவ் ஜோன்ஸ் அளந்து 1982-இல் வெளியிட்டபோது, ஓட்டின் உருவம் மாறுபட்ட நத்தைகள் வெயிலை நாடுவதிலும் மாறுபட்டன. நிறத்தின் நன்மை தீமையை நிறம் மட்டும் தீர்மானிக்கவில்லை. அதைச் சுமக்கும் நத்தை எங்கே போய் நிற்கிறது என்பதும் தீர்மானிக்கிறது.

கியூலிக்கின் கருத்தை அவர் காலத்தில் முழு மனத்தோடு ஏற்றவர் டார்வினின் இளைய நண்பர் ஜார்ஜ் ரோமேன்ஸ். 1878-இல் புனைபெயரில் எழுதிய நூலில் இறைமறுப்பின் பக்கம் சாய்ந்திருந்த அவர், பிரிந்து வாழ்தலைப் பற்றிய கியூலிக்கின் ஆய்வுகளால் ஈர்க்கப்பட்டு அவரோடு கடிதத் தொடர்பு கொண்டார். பரிணாமத்தை இவ்வளவு ஆழமாக எண்ணிய ஒருவர் எவ்வாறு கிறிஸ்தவராகவும் இருக்க முடிகிறது என்று அவரிடமே கேட்டார். ரோமேன்ஸ் 1894-இல் மறைந்த பின் சார்லஸ் கோர் பதிப்பித்து வெளியிட்ட குறிப்புகளில், நம்பிக்கைக்கு மீண்டும் இடமளிக்க அவர் முயன்றது தெரிகிறது. அந்த முயற்சியில் அவர் இயற்கையின் வடிவமைப்பை நம்பி நிற்கவில்லை, அறிவாராய்ச்சி ஒன்றே உண்மைக்கு வழி என்னும் தம் பழைய எடுகோளைத்தான் கேள்விக்குள்ளாக்கினார்.